கல்லும் தமிழ் பேசுக!

(சங்கரன்கோவில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இறைவன் திருக்கோயிலுள் மாந்தன் நினைவுக்கும் இடமுண்டு என்பதைச் சங்கரன்கோவிலார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வெள்ளையரை எதிர்த்த நெற்கட்டுஞ்செவ்வல் புலித்தேவன் இவ்வூர்க் கோயிலுள் புகுந்து மறைந்தான் என்று வழிவழியாகச் சொல்லி, அவன் பெயரால் ஓர் அறையையே நம் மக்கள் போற்றி வருகின்றனர்.

மறைந்தார்க்குக் கல்நட்டுப் பெயர் பொறிப்பது தமிழரின் தொன்மரபு. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என அதற்குத் துறை வகுத்தது தொல்காப்பியம். 2006இல் தேனி மாவட்டப் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல்லொன்று, ஆநிரைப் பூசலில் மாண்டவனைத் தமிழி எழுத்தில், தமிழ்ச் சொல்லால் நினைவுகூர்கிறது.

கிறித்தவத் திருக்கோயில்களின் சுவரிலும் தரையிலும் பதித்த நினைவுக் கற்களும் இவ்வுணர்வின் வெளிப்பாடே. ஆனால், அவை எம்மொழியிற் பேசுகின்றன?

சென்னைக் கோட்டையில் 1680இல் திறந்த தூய மரியாள் கோயிலில் ஆங்கிலமும் இலத்தீனும் பேசுகின்றன. அது ஆண்டவர் கோட்டை; வியப்பில்லை. தஞ்சையைப் பாருங்கள்! 1798இல் மறைந்த செருமானியர் சுவார்ட்சு தமிழ் கற்றுத் தமிழரிடையே வாழ்ந்தவர். மராட்டிய மன்னர் சரபோசி அவர்க்குச் சலவைக்கல்லிற் சிலை வடிப்பித்தார். அதில் பொறித்ததோ ஆங்கிலம்! அவரிடம் தமிழில் அறவுரை கேட்டவருள் எத்துணைப் பேர் அதனைப் படித்திருக்க இயலும்?

1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்கு, 1719இல் மறைந்து தரங்கம்பாடிக் கோயிலுள் துயில்கிறார். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்து, வடமொழித் துணையின்றித் தமிழ் தனித்தியங்கும் என்று உலகுக்கு உரைத்த கால்டுவெல், 1891இல் மறைந்து, தாம் எழுப்பிய இடையன்குடிக் கோயிலுள்ளேயே அடக்கமானார். இவ்விருவர்க்கும் நாம் செலுத்தும் நன்றி யாது?

நம் சேகரக் கோயில்களில் இன்று பதிக்கும் கற்களைப் பாருங்கள். எழுத்து தமிழ்; சொல் தமிழா? 'ஞாபகார்த்தம்' என்கிறார்கள், 'நினைவு' எங்கே போயிற்று? 'அஸ்திபாரம்' என்கிறார்கள், 'அடிக்கல்' இல்லையா? 'பிரதிஷ்டை' என்கிறார்கள், 'திருநிலைப்பாடு' என்றால் இறைவன் ஏற்கமாட்டானா? குற்றம் ஒரு சமயத்தாரது அன்று. சிவன் கோயில் விளக்கிலும் 'உபயம்' என்றுதானே எழுதுகிறோம்? 'கொடை' என்றால் ஒளி குன்றுமா?

பழங்கற்களைப் பெயர்க்கச் சொல்லவில்லை. அவை வரலாற்றுச் சான்றுகள். அவற்றருகே தமிழாக்கம் பொறித்த கல்லொன்று வைக்குமாறு சபையாரை வேண்டுங்கள். புதுக்கல் பதிக்கும் குடும்பத்தார், சிற்பியிடம் வாசகம் கொடுக்குமுன் ஒரு தமிழாசிரியரிடம் காட்டுங்கள். தமிழ்ச்சொல் பொறிக்கக் கூலி கூடிவிடாது!

தாளில் பிழைத்தால் மறுபதிப்பில் திருத்தலாம். கல்லில் பிழைத்தால் பேரப்பிள்ளைகள் அதையே தமிழென்று கற்பார்கள். நம் முன்னோர் பெயரைத் தாங்கும் கல் நம் மொழியையும் தாங்கட்டும்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்!