குதிரையின் குருதி சொன்ன செய்தி

மாணவ நண்பர்களே, விலங்குகளை வாயில்லா ஜீவன்கள் என்கிறோம். ஆயினும் அவற்றின் உடம்புக்கு ஒரு மொழி உண்டு. அதைப் படிப்பதே என் போன்ற கால்நடை மருத்துவர்களின் தொழில். அம்மொழியில் அரியதொரு செய்தியைப் படித்துச் சொன்ன ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

வட இந்தியாவில் 'சர்ரா' என்றொரு குதிரை நோய் உண்டு. காய்ச்சல் வரும், தணியும், மீண்டும் வரும். தீனி தின்றுகொண்டே குதிரை இளைத்துப்போகும். ஈறுகள் வெளுக்கும்; கால்களும் அடிவயிறும் வீங்கும். மருத்துவம் செய்யாவிடில் பெரும்பாலும் முடிவு மரணமே.

1880-ஆம் ஆண்டில், இன்று பாகிஸ்தானில் உள்ள தேரா இஸ்மாயில் கானில், கிரிபித் எவான்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் இந்நோயை ஆராய்ந்தார். நோயுற்ற குதிரைகளின் குருதியை நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். சிவப்பணுக்களுக்கிடையே, விலாங்குமீனைப் போல் நெளிந்தோடும் நுண்ணுயிர்களைக் கண்டார்.

இவையே நோய்க்குக் காரணம் என்றார் எவான்ஸ். மேலோர் ஒப்பவில்லை. அதற்குச் சற்று முன்னர்தான் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் என்ற அறிஞர் இவை போன்ற உயிர்களை எலிகளின் குருதியில் கண்டிருந்தார். அந்த எலிகளோ நலமாகவே இருந்தன! அப்படியானால் இவை நோயோடு உடன்வந்தவையா, நோயை உண்டாக்கியவையா? அந்த ஐயம் நியாயமானதே என்பது என் கருத்து. எவான்ஸ் அதற்குச் சோதனையால் விடை தேடினார். நோயுற்ற விலங்கின் குருதியை நலமான குதிரைக்கும் நாய்க்கும் செலுத்தினார். அவையும் நோயுற்றன, அவற்றின் குருதியிலும் அதே உயிர்கள் தோன்றின. உலகம் இதை ஏற்கக் காலம் பிடித்தது. பின்னாளில் அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

குருதி உறிஞ்சும் ஈக்களே இந்நோயைப் பரப்புகின்றன. ஒரு குதிரையைக் கடிக்கும் ஈயை அது வாலால் விரட்டினால், குருதி தோய்ந்த வாயோடு ஈ அடுத்த குதிரைக்குப் பறக்கிறது. ஆகவே லாயத்தில் ஒன்று நோயுற்றால் எல்லாவற்றின் குருதியையும் சோதிக்க வேண்டும். இன்று இதற்கு மருந்துகள் உண்டு. ஹிசாரில் 1985-இல் குதிரை இனத்துக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி மையமும் தோன்றியது.

இது விலங்குகளின் கவலைதானே என்று நீங்கள் எண்ணலாம். மனிதக் குருதியில் இந்நுண்ணுயிரைக் கொல்லும் புரதம் ஒன்று இயல்பாகவே உண்டு. ஆனால் 2004-இல் மகாராஷ்டிரத்தில் உழவர் ஒருவருக்கு இதே நுண்ணுயிரால் காய்ச்சல் கண்டது. அவர் குருதியில் அந்தப் புரதம் செயலற்றிருந்ததைப் பின்னர் கண்டறிந்தனர். குதிரைகளுக்கும் கொடுக்கப்பட்டு வந்த சுராமின் என்ற மருந்தே அவரைக் குணப்படுத்தியது. குதிரைக்காகத் தேடிய அறிவு மனிதனையும் காத்தது.

நண்பர்களே, நாளை நீங்களும் ஆய்வுக்கூடங்களில் நுண்பெருக்கியில் கண் வைப்பீர்கள். புதியதொன்றைக் கண்டால், அது காரணமா, வெறும் துணையா என்று கேளுங்கள். கேட்டதோடு நில்லாமல், விடை தரும் சோதனையையும் செய்து பாருங்கள்.