வீடு வாங்கும்போது புரோக்கரை எதுவரை நம்பலாம்?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே வாடகைக்கு இருக்கும் நீங்கள் சிலர் சொந்த வீடு பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். சொந்த வீட்டில் இருக்கும் சிலர் பிள்ளைகளுக்காக நாமக்கல் பக்கமும் ஓமலூர் பக்கமும் மனை பார்க்கிறீர்கள். லிஃப்டில் ஏறினாலே இந்தப் பேச்சுதான். அதனால்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார். நான் வக்கீல் இல்லை. வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் இருபது வருடம் பத்திரம் புரட்டியவன், அவ்வளவுதான்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. 2013-இல் என் தங்கை குடும்பம் நாமக்கல்லுக்கு வெளியே நாலு சென்ட் மனை வாங்கியது. நகையை விற்று வாங்கினார்கள். வங்கிக் கடன் இல்லாததால் எந்த வங்கியின் கண்ணிலும் அந்தக் காகிதம் படவில்லை. நானும் கேட்டுப் பார்க்கவில்லை. புரோக்கர் தெரிந்தவர், நல்ல மனிதர். "பஞ்சாயத்து அப்ரூவ்டு, பக்கத்து மனை டீச்சர் வாங்கியிருக்காங்க" என்றார். பத்திரமும் சிக்கலில்லாமல் பதிவானது.

2016 கடைசியில் மாப்பிள்ளைக்கு இதய ஆபரேஷன். மனையை விற்க ஆள் பிடித்துப் பதிவு அலுவலகம் போனால், பதிய முடியாது என்றார்கள். வழக்கறிஞர் 'யானை' ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று உத்தரவிட்டிருந்தது. 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்த பிறகுதான் எங்களுக்கு வழி பிறந்தது. அதற்கும் தனியாகக் கட்டணம் கட்டினோம். அதற்குள் ஆபரேஷனுக்கு வட்டிக்கு வாங்கியாகிவிட்டது. அந்த வட்டியைக் கட்டி முடிக்க நாலு வருடம் ஆனது.

அந்த புரோக்கர் பொய் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்திட்ட வரைபடம் இருந்தது உண்மை. ஆனால் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தர வேண்டியது டி.டி.சி.பி. என்று நாம் சொல்லும் நகர் ஊரமைப்பு இயக்ககம். அதை அவர் பார்க்கவில்லை. பார்ப்பது தன் வேலை என்றும் அவர் நினைக்கவில்லை. அவர் பார்ப்பார் என்று நாங்கள்தான் நினைத்துக்கொண்டோம்.

புரோக்கரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வளர்கிற ஊரில் அவர் இல்லாமல் அலைய முடியாது. நாமக்கல் 2024-இல் மாநகராட்சியானது. அதே ஆண்டு முதலைப்பட்டியில் புதிய பேருந்து நிலையம் திறந்தார்கள். இப்போது அந்தப் பக்கம் எந்த வயலைக் காட்டினாலும் "பஸ் ஸ்டாண்ட் பக்கம் சார்" என்கிறார்கள். எந்தத் தெருவில் போர் தண்ணீர் உப்பு, எந்த இடத்தில் மழைக்குத் தண்ணீர் நிற்கும், யார் அவசரத்துக்கு விற்கிறார், போன மாதம் பக்கத்து வீடு உண்மையில் என்ன விலைக்குப் போனது, இதெல்லாம் நல்ல புரோக்கருக்குத்தான் தெரியும். விலை பேசுவதிலும் அவர் உதவி பெரிது. நாம் நேருக்கு நேர் கேட்கக் கூச்சப்படும் தொகையை அவர் சிரித்துக்கொண்டே கேட்டுவிடுவார். பட்டா, சிட்டா நகலுக்கு அலைவதும் அவர்தான். கமிஷன் இதற்குத் தகும்.

ஆனால் அவருக்குப் பணம் எப்போது வருகிறது என்று யோசியுங்கள். பத்திரம் பதிவாகும் நாளில். பதிவாகாவிட்டால் ஆறு மாத அலைச்சலும் வீண். அப்படிப்பட்டவரிடம், "இந்த இடத்தை நான் ஏன் வாங்கக் கூடாது?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? அவரே கூட்டிவரும் வக்கீலிடம் கேட்டாலும் அதே பதில்தான் வரும். பத்திரம் பார்க்கும் வக்கீலை நீங்களே தேடிப் பிடியுங்கள். அவருக்குத் தரும் சில ஆயிரத்தைச் செலவாக நினைக்காதீர்கள்.

"சார்பதிவாளரே பதிந்துவிட்டாரே" என்று நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்ந்து முடிவு சொல்வது சார்பதிவாளர் வேலையில்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே சொல்லிவிட்டது. வில்லங்கச் சான்றை ஆன்லைனிலேயே பார்த்துக்கொள்ளலாம், அவசியம் பாருங்கள். ஆனால் பதியாத உயிலோ, பதியாத பாகப்பிரிவினையோ, நடந்துகொண்டிருக்கும் வழக்கோ அதில் தெரியாமல் போகலாம்.

நம் பக்கத்தில் நான் அதிகம் பார்த்த கோளாறு அக்கா தங்கைகளின் கையெழுத்து. ராசிபுரம் பக்கத்து ஃபைல் ஒன்று நினைவிருக்கிறது. பூர்வீக நிலம், மூன்று அண்ணன் தம்பிகள் விற்கிறார்கள். கூடப் பிறந்த பெண்கள் இரண்டு பேர். அவர்கள் கையெழுத்து எங்கே என்று கேட்டேன். "அவங்களுக்குச் சீர் செஞ்சு அனுப்பியாச்சு சார்" என்றார் புரோக்கர். சீர் செய்தால் பாகம் போய்விடாது. தமிழ்நாடு 1989-லேயே பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை தந்தது. திருமணமானவர்களை விட்டிருந்த அந்தக் குறையை 2005-இல் மத்தியச் சட்டம் நீக்கியது. அப்பா முன்பே இறந்திருந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. முறையாகப் பதிந்த பழைய பாகப்பிரிவினை இருந்தால் வேறு விஷயம். அந்த ஃபைலைத் திருப்பி அனுப்பினேன். புரோக்கருக்கு என் மேல் ரொம்ப நாள் வருத்தம்.

அடுத்தது முன்பணம். "இன்னொரு பார்ட்டி நாளைக்கு வருது" என்றதும் கை பர்ஸுக்குப் போகும். போகட்டும், ஆனால் புரோக்கர் கையில் கொடுக்காதீர்கள். உரிமையாளர் கணக்கில் வங்கி வழியாகப் போடுங்கள். இடம் விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டமே 2015 முதல் தடுக்கிறது. விலை முடிவாகும் முன் உரிமையாளரோடு ஒருமுறையாவது நேரில் உட்காருங்கள். அவர் கேட்ட விலை ஒன்று, உங்கள் காதுக்கு வந்த விலை இன்னொன்று என்பது அப்போதுதான் வெளிப்படும்.

புது ஃபிளாட் என்றால் ரெரா சட்டம் கைகொடுக்கும். ரெராவில் பதிந்த திட்டத்தில் விற்றுத்தரும் முகவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுமான நிறுவனம் வாங்கக் கூடாது. 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலமோ, எட்டுக்கு மிகாத வீடுகளோ உள்ள சின்னத் திட்டங்களுக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. நம் ஊரில் கட்டுவது பெரும்பாலும் அப்படிச் சின்னதாகத்தான், கவனம்.

பழைய ஃபிளாட் என்றால் பிரிபடாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்திலேயே பாருங்கள். கார் நிறுத்தும் இடம் எழுத்தில் இருக்கிறதா, பராமரிப்புப் பாக்கி இருக்கிறதா என்று அந்தச் சங்கத்திடம் கேளுங்கள். நம் பிளாக்கிலேயே பாக்கியோடு விற்றுவிட்டுப் போனவர் கதை உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் ஒருமுறை தனியாகப் போய் வாட்ச்மேனிடமும் பேசுங்கள். தண்ணீர் லாரி வாரத்துக்கு எத்தனை முறை வருகிறது என்பதை அவர் சொல்லிவிடுவார்.

செலவுக் கணக்கில் பத்திரச் செலவை மறந்துவிடாதீர்கள். பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 50 லட்சத்துக்கு நாலரை லட்சம்.

பேசி முடித்ததும் நம் உறுப்பினர் ஒருவர், "கமிஷனை எப்போது கொடுப்பது?" என்று கேட்டார். நான் சொல்வது இது: பதிவு நாளில் பாதி, பட்டா உங்கள் பெயருக்கு மாறிய பிறகு மீதி. இரண்டு பக்கமும் வாங்குகிறாரா என்பதையும் எத்தனை சதவீதம் என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். என் மகனுக்கு வீடு பார்த்தபோது இப்படிச் சொன்னதும் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது ஆள் சரி என்றார். பட்டா மாற்றத்துக்குத் தாலுகா ஆபீசுக்கு அலைந்ததும் அவரேதான்.

வில்லங்கம் பார்க்கத் தெரியாதவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் கிளப் ஹாலுக்கு வாருங்கள். சர்வே எண்ணும் கிராமத்தின் பெயரும் எழுதி எடுத்து வாருங்கள், சேர்ந்தே பார்த்துவிடலாம்.