புயலும் தீவுப் பயணமும்



வங்கக் கடலில் காற்றழுத்தம் தாழ்கிறது என்றால் காஞ்சிபுரத்து நெசவுத் தெருக்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். விடியற்காலையில் தெரு நீளத்துக்கும் பாவு விரித்துக் கஞ்சி போடுகிற வேலை நின்றுபோகும். ஈரக்காற்றில் பாவு காயாது. மழை வலுத்தால் குழித்தறியின் குழிக்குள் தண்ணீர் ஊறிவிடும், தறியில் உட்காரவே முடியாது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இப்படிச் சும்மா இருக்க நேரும் நாட்கள் ஒவ்வொரு நெசவாளர் வீட்டிலும் உண்டு. வேலைதான் இல்லையே, ராமேசுவரம் போய்வரலாமே என்று அப்போது யாருக்கும் தோன்றும். அந்த நாட்கள்தான் தீவுக்குப் பயணம் போக ஆகாத நாட்கள். ராமேசுவரம் ஒரு தீவு என்பதையே நாம் பல நேரம் மறந்துவிடுகிறோம். பாம்பன் பாலம் அதை மறக்கவைத்திருக்கிறது.

அங்கே பழைய ரயில் பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி திறக்கப்பட்டது. அன்று தொடங்கி ஐம்பது ஆண்டுகள், தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குப் போகிற முக்கியப் பாதை தீவின் கோடியிலிருந்த தனுஷ்கோடி வழியாகத்தான் இருந்தது. சென்னை எழும்பூரில் போட் மெயில் ரயிலில் ஏறினால் தனுஷ்கோடித் துறையில் இறங்கலாம். அங்கே நீராவிக் கப்பல் காத்திருக்கும். கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்கு ரயில். காஞ்சிபுரத்துக்காரர் செங்கல்பட்டுக்குப் போய் ரயில் பிடித்தால் போதும், கொழும்பு வரை வழி விரிந்து கிடந்தது. காசிக்குப் போய்வந்தவர்கள் கங்கை நீரால் ராமேசுவரத்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்துவிட்டுச் சேதுவில் நீராடப் போனதும் அதே தனுஷ்கோடிக்குத்தான். யாத்திரிகர், வியாபாரி, தேயிலைத் தோட்டத் தொழிலாளி, பட்டுப்புடவை மூட்டையோடு போனவர் எல்லோரும் அந்த ஒரே துறையில் கால் வைத்தார்கள். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளிக்கூடம், மாதா கோயில் என்று அது ஓர் ஊராகவே வளர்ந்திருந்தது.

1964 டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவை நெருங்கும் நேரம். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் ரயில் ஊரை எட்டும் தறுவாயில் கடல் எழுந்து வந்தது. அந்த ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. இலங்கையைக் கடந்து வந்த புயல் அது. கடலலை பல ஆள் உயரத்துக்கு எழும்பி, மணல் திட்டு முழுவதையும் மூடியது. விடிந்தபோது துறை இல்லை, தண்டவாளம் இல்லை, ஊரே இல்லை. பாம்பன் பாலத்திலும் பெரும்பாலான இரும்புத் தூலங்கள் கடலுக்குள் போயிருந்தன. அன்றைக்குத் தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு ராமேசுவரத்துக்குத் திரும்பியிருந்த ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தீவிலேயே சிக்கிக்கொண்டு உயிர் தப்பினார்கள் என்பது பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்தவைதான் இந்தப் பேச்சுக்கு எனக்கு முக்கியம். பாலத்தைச் சீர்செய்யும் பொறுப்பு இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. பின்னாளில் கொங்கண் ரயில் பாதையையும் டெல்லி மெட்ரோவையும் அமைத்துப் பேர் பெற்றவர் அவர். கடலுக்குள் விழுந்த தூலங்களைத் தேடி எடுத்து, மீண்டும் தூணில் ஏற்றி, 46 நாட்களில் பாலத்தில் ரயிலை ஓடவைத்தார்கள். ராமேசுவரத்துக்கு யாத்திரிகர்கள் திரும்பினார்கள். கோயில் வாசலில் சங்கும் பாசியும் விற்கிறவர், தீர்த்தம் இறைத்துக் கொட்டுகிறவர், சத்திரம் நடத்துகிறவர் எல்லோருக்கும் பிழைப்பு மீண்டது.

தனுஷ்கோடிக்கு அந்த மீட்சி கிடைக்கவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. தண்டவாளம் திரும்பப் போடப்படவில்லை. கப்பல் துறை ராமேசுவரத்துக்கு மாறியது. இருபுறமும் கடல் சூழ்ந்த மெல்லிய மணல் நாக்கில் மறுபடி ஒரு துறைமுகம் கட்டாமல் விட்டது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த ஊரை நம்பியிருந்த மீனவக் குடும்பங்கள் மின்சாரமும் சாலையும் இல்லாமல் பல பத்தாண்டுகள் அங்கேயே குடிசை போட்டு வாழ்ந்தார்கள் என்பதை நினைக்கும்போது மனம் ஆறவில்லை. சேது நீராடப் போனவர்கள் மணலில் வேனில் குலுங்கித்தான் போனார்கள். தனுஷ்கோடியின் முனையான அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை வந்தது 2017இல். ஒரே இரவில் ஒரே புயல் அடித்த இரண்டு ஊர்கள். ஒன்றுக்கு 46 நாள், மற்றொன்றுக்கு 53 வருடம்.

தீவுப் பயணத்தைப் புயல் என்ன செய்யும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கப்பல் விலகிப் போய்விடும். காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து வேறு பக்கம் திரும்பிவிடும். துறைமுகத்தால் நகர முடியாது. அது எவ்வளவு சீக்கிரம் எழுந்து நிற்கிறதோ அதைப் பொறுத்ததுதான் பயணமும், தீவில் இருப்பவர்களின் சோறும்.

கரீபியன் கடலில் 2017 செப்டம்பரில் இர்மா, மரியா என்று இரண்டு பெரும் புயல்கள் அடுத்தடுத்து வந்தன. செயின்ட் தாமஸ், சின்ட் மார்ட்டன், போர்ட்டோ ரிக்கோ எல்லாம் சிதைந்தன. உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் தங்கள் கப்பல்களை மெக்சிகோ பக்கம் உள்ள மேற்குத் துறைகளுக்குத் திருப்பிவிட்டன. ஒரு கப்பல் தன் உல்லாசப் பயணத்தையே ரத்து செய்துவிட்டு, போர்ட்டோ ரிக்கோவில் தவித்தவர்களை ஏற்றிக்கொண்டு போனது. துறையைச் சீர்செய்யும் வேலையைத் தீவுக்காரர்கள் மூச்சுவிடாமல் செய்தார்கள். ஆண்டு முடிவதற்குள் செயின்ட் தாமசுக்கும் சின்ட் மார்ட்டனுக்கும் கப்பல்கள் திரும்பின. கப்பல் வந்தால்தான் வாடகைக் கார் ஓடும், கடை திறக்கும், கூரை மாற்றப் பணம் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

2019இல் டோரியன் புயல் பகாமாசில் அபாக்கோ, கிராண்ட் பகாமா தீவுகளைத் துவைத்துப் போட்டது. நூற்றுக்கணக்கான தீவுகள் கொண்ட நாடு அது. தலைநகர் நசாவுக்குப் பெரிய சேதமே இல்லை. ஆனாலும் பகாமாசே அழிந்துவிட்டதாக நினைத்து வெளிநாட்டார் பயணத்தை ரத்து செய்தார்கள். எங்களுக்கு உதவ நினைத்தால் வாருங்கள் என்று அந்த நாட்டுச் சுற்றுலாத் துறை கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

நம் பக்கம் வருவோம். 2023 அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் காங்கேசன்துறைக்குச் செரியபாணி என்ற பயணிகள் கப்பல் புறப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையே மறுபடி பயணிகள் கப்பல் என்று எவ்வளவு மகிழ்ந்தோம்! சில நாட்களிலேயே அது நின்றது. வடகிழக்குப் பருவமழை கண்ணெதிரில் நிற்கும்போது தொடங்கிய சேவை அது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கினார்கள், மழைக்காலம் வந்ததும் நிறுத்தினார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே 2018 நவம்பரில் கரையேறிய கஜா புயல் என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாம். அந்த மாதங்களில் பயணிகளை அந்தக் கடலில் ஏற்றாமல் இருப்பதுதான் நல்லது. சென்னையிலிருந்து இலங்கைக்கு 2023 ஜூனில் கிளம்பிய எம்ப்ரஸ் என்ற உல்லாசக் கப்பலும் மும்பைப் பக்கத்திலிருந்து கோடையை அடுத்த மாதங்களில்தான் இங்கே வந்தது. அங்கே தென்மேற்குப் பருவம் கொந்தளிக்கும் நேரம் அது. பருவக்காற்றைப் பார்த்துக் கப்பல் கரை மாறுகிறது.

யாத்திரைக்கு நாள் குறிக்கும்போது நாமும் அப்படிப் பார்க்கலாம். ராமேசுவரத்தில் கூட்டம் அலைமோதும் ஆடி அமாவாசை மழைக்கு முன்னால் வருகிறது, தை அமாவாசை மழை ஓய்ந்த பிறகு வருகிறது. இந்த இரண்டையும் ஒட்டிப் போனால் கடல் பெரும்பாலும் வழி விடும். கார்த்திகையில்தான் போயாக வேண்டும் என்றால், வானொலியில் சொல்லும் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்களைக் கவனித்துக் கேளுங்கள். 1ஆம் எண் கூண்டு ஏற்றினால் தொலைவில் புயல் உருவாகக்கூடிய நிலை இருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. 3 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசக்கூடும். 5, 6, 7 அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 ஏற்றினால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். பாம்பனில் 3 ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டால் பெட்டியைக் கட்ட வேண்டாம், இரண்டு நாள் பொறுங்கள்.

கப்பலுக்கோ வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கோ மாதாமாதம் பணம் கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கப்பல் கிளம்பவே இல்லையென்றால் என்ன கிடைக்கும், கிளம்பிய பிறகு ஒரு துறையை விட்டுவிட்டு வேறு துறைக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். வழி மாற்றும் உரிமையைக் கப்பல் நிறுவனங்கள் தங்கள் கையில்தான் வைத்திருக்கும். பயணக் காப்பீடு எடுப்பதாக இருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்த காப்பீடு அந்தப் புயலுக்குப் பெரும்பாலும் உதவாது.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கி நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. மலைநாட்டில் மண்சரிவு ஊர்களை மூடியது. மலையகத் தமிழ்க் குடும்பங்கள் பட்ட துயரம் சொல்லி மாளாது. நுவரெலியா அருகே உள்ள சீதை கோயிலுக்கும் கண்டிக்கும் போகலாம் என்று நம் ஊரில் திட்டம் போட்டிருந்தவர்கள் உண்டு. அவர்களிடம் நான் சொல்வது, போகும் எண்ணத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். மலைப்பாதையும் ரயில் பாதையும் எதுவரை திறந்திருக்கின்றன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நல்லூர், நயினாதீவு, திருக்கோணேசுவரம், திருக்கேதீசுவரம் என்று மற்றக் கோயில்களின் பக்கம் வழியை மாற்றி அமைக்கலாம். பெரிய விடுதியை விட்டு உள்ளூர்க்காரர் நடத்தும் தங்குமிடத்தில் தங்கலாம், அவர்கள் கடையில் சாப்பிடலாம். நம் காஞ்சிப் பட்டுப்புடவையை முகூர்த்தத்துக்கு வாங்கிப் போகிற யாழ்ப்பாணத்து வீடுகள் எத்தனையோ உண்டு. கையில் சில புடவைகளை எடுத்துக்கொண்டு போகிறவர், எவ்வளவு கொண்டுபோகலாம் என்ற சுங்க விதியை முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.