பசை விடும் இடம்

(குறுவள மையக் கூட்டத்தில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வெப்பம் பாடத்தை மாணவர்களின் வாழ்க்கையோடு இணைப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இருபது ஆண்டுகளாக அந்தப் பாடத்தை நடத்துகிறேன். ஆனாலும் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் போனது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை அவன் வலது கை விரல்கள் இரண்டில் கொப்புளத்தோடு வந்தான். அவன் அப்பா காயலான் கடை வைத்திருக்கிறார். பழைய கணினி போர்டுகளைத் தோசைக்கல்லில் வைத்துச் சூடாக்கி, அதிலிருக்கும் அலுமினியத் துண்டுகளைக் குறடால் பிடுங்குவது ஞாயிற்றுக்கிழமை வேலை. கூடமாட உதவி செய்யப் போய்ச் சுட்டுக்கொண்டான்.

நான் கடிந்துகொண்டேன். அவன் தலையைக் குனிந்தபடி சொன்னான்: "பசை விடவே மாட்டேங்குது சார். அலுமினியத்துல சிப்பு ஒட்டியிருந்தா வெலை கொறைச்சுடுவாங்க. சூடு பண்ணாம எடுக்க வழி இருந்தா சொல்லுங்க சார்."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவன் சொன்ன அலுமினியத் துண்டு எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கணினியின் மதர்போர்டில் சில சிப்புகள் வேலை செய்யும்போது கடுமையாகச் சூடாகும். அந்தச் சூட்டை வாங்கிக் காற்றில் விட, சிப்பின் தலையில் சீப்புப் பற்கள் போன்ற ஓர் அலுமினியத் துண்டை வைத்திருப்பார்கள். அதுதான் ஹீட் சிங்க். பற்கள் எதற்கு? காற்றோடு தொடும் பரப்பு கூடுவதற்கு. பசை எதற்கு? இரண்டு உலோகப் பரப்புகளை எவ்வளவு அழுத்தி வைத்தாலும் இடையில் காற்று இருக்கும். அலுமினியத்தின் வெப்பக் கடத்துத்திறன் ஏறக்குறைய 237 என்றால், காற்றுக்கு அதே அலகில் 0.026 மட்டுமே. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பசை.

பள்ளியில் கணக்கிலிருந்து முறைப்படி நீக்கப்பட்ட ஒரு போர்டு இருந்தது. தலைமை ஆசிரியரின் அனுமதியோடு அதை எடுத்து, மாலையில் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்தேன். திருப்புளியை அடியில் கொடுத்து நெம்பினேன். அது நழுவி இடது உள்ளங்கையில் ஏறியது. பலம் போட்டால் வராது என்பது புரிந்தது. பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

3 செ.மீ. பக்கமுள்ள சதுரம் என்றால் ஒட்டிய பரப்பு 900 சதுர மி.மீ. ஒவ்வொரு சதுர மி.மீட்டரும் 5 நியூட்டன் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். நேராக மேலே இழுக்க 4,500 நியூட்டன் வேண்டும். அது சுமார் 450 கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமம். ஆனால் ஒரு மூலையில் மெல்லிய தகட்டை நுழைத்தால், நம் விசை முழுவதும் அந்த ஓரத்தில் மட்டும் குவிகிறது. அந்த ஓரம் விட்டதும் அடுத்த ஓரம். பசை மொத்தமாகத் தாங்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்காது.

இதைத் தொடக்க வகுப்பிலும் காட்டலாம். இரண்டு ஐஸ் குச்சிகளை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிக் குழந்தைகளிடம் கொடுங்கள். நேராக இழுக்கச் சொல்லுங்கள், பக்கவாட்டில் தள்ளச் சொல்லுங்கள், திருகச் சொல்லுங்கள், ஓரத்திலிருந்து உரிக்கச் சொல்லுங்கள். எது எளிது என்று அவர்களே சொல்வார்கள்.

அடுத்தது வெப்பம். ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட டம்ளர்களை வீட்டில் எப்படி எடுப்பார்கள்? உள்ளே குளிர்ந்த நீரை ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் வைப்பார்கள். ஒன்று சுருங்கும், மற்றது விரியும். ஹீட் சிங்க்கிலும் இதே வேலையைச் செய்யலாம், குளிரை மட்டும் வைத்து. வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் ஒரு மீட்டர் அலுமினியம் 23 மைக்ரோமீட்டர் சுருங்கும். சிலிக்கான் 3 மைக்ரோமீட்டர்கூடச் சுருங்காது. சிப்பின் மேலுறையும் பெரும்பாலும் அலுமினியம் அளவுக்குச் சுருங்குவதில்லை. 30 டிகிரியிலிருந்து மைனஸ் 18 டிகிரிக்குப் போனால், 3 செ.மீ. அலுமினியம் 0.03 மி.மீ. அளவுக்குச் சுருங்குகிறது. மிகச் சிறிய அளவுதான். ஆனால் குளிரில் இறுகிப்போன பசைக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது, விரிசல் விடும்.

இனி, நான் கற்றுக்கொண்ட வரிசை. முதலில் போர்டின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் ஊசிகள் தெரிந்தால் அதைப் பிடித்திருப்பது பசை மட்டும் இல்லை. ஊசி முனையைக் குறடால் அழுத்தினால் வெளியே வந்துவிடும். ஊசி இல்லையென்றால், ஹீட் சிங்க்கைப் பிடித்து இடமும் வலமுமாக மெல்லத் திருக வேண்டும். வெறும் பேஸ்ட்டோ டேப்போ என்றால் பெரும்பாலும் விட்டுவிடும். அப்படியும் அசையவில்லை என்றால் அது எபாக்சி. பையில் கட்டி, சில மணி நேரம் உறைநிலையில் வைத்து, எடுத்த உடனே மூலையில் பட்டித் தகட்டை வைத்துச் சுத்தியலால் இலேசாகத் தட்ட வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தகட்டின் முனை எப்போதும் கைக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும். உணவு வைக்கும் குளிர்பெட்டியில் போர்டை வைக்கவே கூடாது.

இந்த வழியை நான் மாணவனிடம் செய்யச் சொல்லவில்லை. பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை இல்லை இது. அவன் அப்பாவைப் பார்க்கக் கடைக்குப் போனேன். அங்கே எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, மறுசுழற்சி செய்வோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இந்தப் போர்டுகள் அவர்களிடம்தான் போய்ச் சேர வேண்டும். அதையும் அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பியிருந்தால் அடுத்த ஞாயிறும் அடுப்பு எரிந்திருக்கும்.

"அண்ணே, பழைய போர்டுல இருக்குற பற்றாசுல ஈயம் இருக்கு. 183 டிகிரியிலயே உருகிடும். உங்க கல்லு அதுக்கு மேலயே சூடாகும். போர்டு கருகினா வர்ற புகை விஷம். அந்தத் தூசி வீட்டுக்குள்ளதான் படியும். ஈயம் வளர்ற பிள்ளைங்களோட மூளையைப் பாதிக்கும்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கடைக்கு வந்து கிடந்த, இன்னும் ஓடக்கூடிய ஒரு பழைய குளிர்பெட்டியைக் காட்டி, "இதுல வெச்சுப் பாக்கலாமா சார்?" என்றார்.

அன்று நான்கு துண்டுகளை வைத்தோம். மூன்று சுத்தமாக வந்தன. நான்காவது சிப்போடு சேர்ந்தே பெயர்ந்தது. இந்த அளவில்தான் வெற்றி. அவர் இப்போது ஹீட் சிங்க்குக்காக அடுப்பு மூட்டுவதில்லை. அலுமினியத்தைக் கழற்றிய போர்டுகளை எரிக்காமல் முழுதாகச் சேர்த்து வைக்கிறார், பதிவு பெற்ற நிறுவனத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாணவன் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து விளையாடுகிறான்.

அந்த அலுமினியம் வீணாகக் கூடாது என்பதிலும் அர்த்தம் இருக்கிறது. தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறக்குறைய 5 விழுக்காடு போதும், பழையதை உருக்கி எடுக்க. இதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பள்ளியின் பழைய கணினிகள் தளவாடப் பதிவேட்டில் உள்ளவை. முறைப்படி நீக்காமல் எதையும் கழற்றாதீர்கள், கடைக்கும் போடாதீர்கள். பவர் சப்ளை பெட்டியை வகுப்பில் திறக்கவே வேண்டாம். 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் அதன் மின்தேக்கி, இணைப்பைத் துண்டித்த பின்னும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

நம் வகுப்புகளில் மெக்கானிக் வீட்டுப் பிள்ளைகள், கொல்லர் வீட்டுப் பிள்ளைகள், காயலான் கடைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சூடாக்கினால் பசை இளகும் என்று அந்த மாணவனுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஏன் இளகுகிறது, வேறு எப்படி விடவைக்கலாம் என்பதுதான் அவனுக்கு என்னிடமிருந்து தேவைப்பட்டது. கையில் காயத்தோடு ஒரு பிள்ளை வந்தால் மருந்து போடுங்கள். பிறகு, வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்று கேளுங்கள்.