வார்ப்பில் அடங்காத வாக்கியம்

கணிப்பொறி நமக்கு அனுப்பும் அறிவிப்புகள் பெரும்பாலும் முன்னரே வார்த்து வைத்த வாக்கியங்களாகும். பெயருக்கும் எண்ணுக்கும் மட்டும் அவற்றில் வெற்றிடம் விடப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் உருமாறுவதில்லை. ஆதலின் இம்முறை அங்கு இடர்ப்படுவதில்லை. தமிழிலோ சேலம் 'சேலத்தில்' என்றும், ஈரோடு 'ஈரோட்டில்' என்றும், மதுரை 'மதுரையில்' என்றும் திரியும். வெற்றிடத்தை அடுத்து 'இல்' என்று எழுதி வைத்தால், 'சேலம்இல்' என்னும் ஊனச் சொல்லே பிறக்கும்.

எண்ணிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. நமக்கு ஒருமை, பன்மை என இரண்டு வடிவங்கள் போதும். ஜப்பானிய மொழிக்கு ஒன்றே போதும். அரபு மொழிக்கோ ஆறு வேண்டும். மொழிதோறும் வேறுபடும் இவ்விதிகளை யூனிகோடு அமைப்பு தொகுத்து வழங்குகிறது.

ஆகவே, சொற்களைத் துண்டு துண்டாக ஒட்டுதல் தகாது. முழு வாக்கியத்தையும் மொழிபெயர்ப்பாளரிடம் ஒப்படைத்து, வெற்றிடத்தை இடம் மாற்றும் உரிமையையும் அவருக்கு அளித்தல் வேண்டும். உருபு பொருந்தாவிடத்து, 'ஊர்: சேலம்' எனப் பெயரைத் தனியே நிறுத்தலாம்.

அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் 22 மொழிகளை ஏற்றுக்கொண்ட நாடு நம்முடையது. ஓய்வூதிய அறிவிப்பைப் படிக்கும் முதியவர் தம் மொழியைப் பிழையின்றிக் காணும் நாளே, அந்த ஏற்பு நிறைவுறும் நாளாகும்.