மீன் தொட்டிக்கும் காற்றோட்டம் வேண்டும்



வீட்டில் மீன் வளர்ப்பவர்கள் தண்ணீரைப் பற்றி நிறையக் கவலைப்படுவார்கள். போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா, குளோரின் போய்விட்டதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்றெல்லாம் விசாரிப்பார்கள். அறையில் இருக்கும் காற்றைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் தொட்டி நீரின் குணத்தை அந்தக் காற்றும் தீர்மானிக்கிறது.

இன்றைய வெளிக்காற்றில், பத்து லட்சம் பங்கில் சுமார் 420 பங்கு கரியமில வாயு. கதவையும் ஜன்னலையும் சாத்தி, ஏசி போட்டு, இரண்டு மூன்று பேர் படுத்துத் தூங்கும் அறையில் விடிவதற்குள் அது 2000 பங்கைத் தாண்டிவிடலாம். வீடுகளில் பொதுவாக மாட்டும் ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிரவைக்கிறது.

தொட்டியின் ஏர் பம்ப்பும் அதே காற்றை உறிஞ்சித்தான் குமிழி விடுகிறது. கரியமில வாயு நீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகும், பி.எச். அளவு இறங்கும். நீரில் கரைந்த இந்த வாயு இரட்டித்தால் பி.எச். சுமார் 0.3 குறையும், நான்கு மடங்கானால் 0.6 குறையும். பி.எச். ஏற்றும் மருந்தை வாங்கி ஊற்றினாலும் காற்று மாறாதவரை வாயு குறையாது. ஊற்ற ஊற்ற நீரின் காரத்தன்மைதான் (அமிலத்தைச் சமன்செய்யும் திறன்) கூடிக்கொண்டே போகும்.

கப்பி, மோலி போன்ற நன்னீர் மீன்கள் இந்த ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் கதை வேறு. அங்கே பி.எச். 8.1 முதல் 8.3 வரை இருப்பது நல்லது. இறங்கினால் பவளம் தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுவது மந்தமாகும். அதனால்தான் அத்தகைய தொட்டி வைத்திருப்பவர்கள் சிலர், நீரின் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவிக்குக் காற்று எடுக்கும் குழாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் காரணம் காற்றுதானா என்று நீங்களே சோதிக்கலாம். தொட்டி நீரின் பி.எச். அளவைக் குறித்துக்கொண்டு, அந்த நீரை இரண்டு டம்ளர்களில் எடுங்கள். ஒன்றுக்கு அறையிலும் மற்றொன்றுக்கு மொட்டைமாடியிலும் ஒரு மணி நேரம் குமிழி விட்டு, மறுபடி பி.எச். பாருங்கள். மாடியில் வைத்தது மட்டும் ஏறியிருந்தால் குறை அறைக் காற்றில். இரண்டும் ஒரே அளவு ஏறியிருந்தால், தொட்டியில் மீன் அதிகம், அல்லது குமிழி போதவில்லை, அல்லது நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மூடியிருக்கிறது. இரண்டுமே ஏறவில்லை என்றால் நீரின் காரத்தன்மை குறைந்திருக்கலாம். அதை அளந்து பாருங்கள்.

பி.எச். சோதனையில் தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. கொசுவத்தியிலும் கொசு லிக்விடிலும் டிரான்ஸ்ஃப்ளூத்ரின், அலெத்ரின் போன்ற பைரெத்ராய்டு மருந்துகள் இருக்கின்றன. நம் உடல் இவற்றை விரைவில் சிதைத்துவிடும். மீனுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. தொட்டியில் வளரும் சிறு இறாலுக்கோ இது கொடிய நஞ்சு. அறையில் பரவும் மருந்தை ஏர் பம்ப் நேராக நீருக்குள் தள்ளுகிறது. பெயின்ட் வாடை, அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், ஸ்ப்ரே ஆகியவையும் இதே வழியில் உள்ளே போகலாம்.

ஆகவே நேயர்களே, தொட்டியைக் காற்றோட்டமுள்ள கூடத்தில் வையுங்கள். படுக்கையறையில்தான் இடம் என்றால், பம்ப்பை வெளியே வைத்துக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். அந்த அறையில் கொசுவத்திக்குப் பதில் கொசுவலை கட்டுங்கள். கண்ணாடியைத் துடைக்கும்போது கிளீனரைத் தொட்டியின் மேல் அடிக்காமல், வேறிடத்தில் துணியில் நனைத்துத் துடையுங்கள். காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மீனுக்கு மட்டுமல்ல, அதே அறையில் தூங்கும் உங்களுக்கும் அது நல்லது.