கரையேறிய பின்

(முதலிபாளையத்தில் நிகழ்ந்த நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நீச்சற் போட்டிகளிற் பரிசில் பெற்ற நம் பிள்ளைகளைப் பாராட்டுதற்பொருட்டு இவ்வவை கூடியுள்ளது. தந்தையர் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் நீந்தப் பழகினர்; மக்களோ கட்டணஞ் செலுத்தி நீச்சற்குளத்திற் பழகுகின்றனர். நொய்யலிற் சாயநீர் கலந்தபின் ஆற்றைப் பற்றிப் பேசுதற்கும் நமக்கு நாணமாயிருக்கின்றது. அது நிற்க.

பாராட்டுரையை முன்னர்ப் பேசியோர் நிரம்பக் கூறிவிட்டனர். ஆதலின் யாம், நீச்சலை விட்டபின் ஒருவர் வாழ்வு எங்ஙனம் நடைபெறுகின்றது என்பதனை, மிகிர் சென் என்னும் வங்காள வீரரின் வரலாற்றைக் கொண்டு உரைக்க விழைகின்றோம்.

1930ஆம் ஆண்டிற் பிறந்த சென் அவர்கள் சட்டம் பயிலும்பொருட்டு இங்கிலாந்து சென்றவர். நெடுந்தூர நீச்சலை அவர் முறையாகக் கற்றதே அங்குச் சென்ற பின்னர்த்தான். 1958ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயை 14 மணி 45 நிமிடத்தில் நீந்திக் கடந்தனர். இந்தியருள் அதனைக் கடந்தவர் அவரே முதல்வர். 1966ஆம் ஆண்டு ஏப்ரலில் தலைமன்னாரினின்றும் புறப்பட்டு, 1964ஆம் ஆண்டின் இறுதியிற் புயலால் அழிந்த நம் தனுஷ்கோடிக் கரையை 25 மணி 36 நிமிடத்தில் அடைந்தனர். அவ்வாண்டிலேயே ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ் என்னும் நீரிணைகளையும், பனாமாக் கால்வாயையும் நீந்தினர். 1967இல் பத்மபூஷண் விருது அவரை வந்தடைந்தது.

ஈண்டு ஒன்று நோக்குமின். கடலில் நீந்துவோன் தனித்து நீந்துவான் அல்லன். பாக்கு நீரிணையில் நம் கடற்படைக் கப்பல்கள் அவருடன் சென்றன. நீரோட்டம் அறிந்து திசை காட்டவும், வேளைதோறும் உணவு நீட்டவும், கை சோர்ந்தால் தூக்கிக் கொள்ளவும் ஆட்கள் உடனிருந்தனர்.

கரையேறிய பின்னர் அவர் கல்கத்தாவிற் பட்டு ஏற்றுமதித் தொழிலில் இறங்கினர். ஏற்றுமதியின் மேடுபள்ளங்களைப் பனியன் தொழிலில் உழலும் உங்களுக்கு யாம் விளக்குதல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். தொழில் முதலில் நன்கு வளர்ந்தது. 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜோதி பாசு அவர்களை எதிர்த்துச் சுயேச்சையாக நின்று தோல்வியுற்றனர். பின்னர் வேலை நிறுத்தங்களால் தொழிலும் நலிந்து ஒழிந்தது. இறுதி நாட்களில் நினைவும் தடுமாற, 1997ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் மறைந்தனர். ஐந்து நீர்வழிகளை ஓராண்டில் வென்றவரை அந்நாளில் நினைத்தவர் மிகச் சிலரே.

அரசியலிற் புகுந்தமையே அவர்க்குக் கேடாயிற்று என்பார் உளர். யாம் அதனை முழுதும் ஒப்போம். ஆயினும், நாடே கொண்டாடிய ஒருவர் வீழ்ந்த காலத்து அவர்பால் ஒரு தோணியேனும் சென்றதா என்னும் வினா எம்மை உறுத்துகின்றது.

1959இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த ஆரதி சாகா அம்மையார்க்கு இரயில்வேயில் வேலை இருந்தது. சென் அவர்கள் ஓராண்டில் ஐந்து கடந்த அருஞ்செயலை 1994இல் ஆறு கடந்து விஞ்சியவன், நம் தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீசுவரன். ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது அவனுக்கு வயது பன்னிரண்டு! 1996இல் அர்ஜுனா விருதும் பெற்றான். எனினும் பொருளுதவி வாய்க்காமையின் போட்டி நீச்சலைத் துறந்து, பொறியியல் கற்று, அமெரிக்கா சென்றனன். அவன் பிழைத்தது படிப்பால். நாடு இழந்தது எத்தனை கடல்களை என்பதை யார் கணக்கிடுவர்?

பெற்றோர்களே! பிள்ளை விடியலில் நீந்தட்டும். தேர்வுக் காலத்தும் நீந்தட்டும். ஆனாற் பள்ளியை விடுவித்துக் குளத்தில் விடாதீர்கள். பதக்கம் பெற்ற மறுவாரமே பட்டறைக் கணக்கெழுத அமர்த்தவும் வேண்டா. சங்கத்தாரை யாம் வேண்டுவது: கல்வி நிதியினின்றும் ஒரு பகுதியை, விளையாட்டை விட்டபின் மேற்படிப்புக்கோ தொழிற்பயிற்சிக்கோ செல்லும் பிள்ளைகளுக்கென ஒதுக்குதல் வேண்டும். மாலையும் பொன்னாடையும் வாங்கும் செலவைக் குறைத்தாலே முதலாண்டுக்குப் போதும். இத்தீர்மானத்தை அடுத்த செயற்குழுவில் எடுத்துக்கொள்ளுமாறு காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கின்றோம்.